பழைய ரொட்டியின் பாக்கியம்

ஹைதராபாத்தின் பழைய நகரத்துக் கலியாண விருந்துகளில் பிரியாணிக்குப் பிறகு பெருமிதத்தோடு பரிமாறப்படும் ‘டபுள் கா மீட்டா’ என்னும் மதுர பதார்த்தத்தை, நேற்று வாங்கி மிஞ்சிய ரொட்டித் துண்டுகளைக் கொண்டே எந்தச் சாமானியக் குடும்பமும் வீட்டில் செய்துகொள்ளலாம் என்பதே அதன் விசேஷம். புது ரொட்டி பாலில் இட்டவுடன் குழைந்துவிடும்; ஒருநாள் கிடந்து ஈரம் வற்றிய ரொட்டியோ, நெய்யில் பொன்னிறமாகப் பொரிந்து, ஏலக்காய் மணக்கும் சர்க்கரைப் பாகையும் சுண்டக் காய்ச்சிய பாலையும் நிதானமாக உறிஞ்சிய பின்பும், ஓரம் சிதையாமல், கரண்டியில் முழுத் துண்டாகவே எழுந்து வரும். 6 துண்டுகளுக்கு அரை லிட்டர் பால் போதும். குங்குமப்பூவும் முந்திரியும் கைவசம் இல்லையே என்று விசாரப்பட வேண்டியதில்லை. ருசியின் ஜீவன் நெய்யிலும் பாகின் பதத்திலுமே இருக்கிறது. மிட்டாய்க் கடைக்குப் புறப்படுமுன், அலமாரியில் கிடக்கும் அந்த ரொட்டியை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.