மூடிய குழிகள்

1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் அமெரிக்காவில் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தில் அரக்கனைக் கொன்றாலும் புதையல் எடுத்தாலும் அனுபவப் புள்ளி. புள்ளி சேரச்சேரப் பலம் கூடும். ஆனால் மேலே போகப்போக அடுத்த படிக்கு அதிகப் புள்ளி வேண்டும். வலுத்தவர் எளிய எதிரியை வீழ்த்தினால் கிடைப்பது குறைவு. வலுத்தவருக்கான கடிவாளம் விதிக்குள்ளேயே இருக்கிறது.

மயிலாப்பூர்த் திண்ணையில் ஆடிய பல்லாங்குழியில் அது கிடையாது. 14 குழி, ஆளுக்கு 7, தொடக்கம் சமம்தான். சுற்று முடிந்ததும், தோற்றவர் தன் கையிருப்பால் நிரப்ப முடியாத குழிகளை மூடிவிட வேண்டும். மீட்கலாம், தடையில்லை, ஆனால் சோழி எங்கே? பலகை சாய்ந்துவிட்டது, விதி மட்டும் 'பொது'.

"ஆட்டம்னா எல்லாருக்கும் ஒரே ஆட்டம்தானே?" இட ஒதுக்கீட்டுக்கு எதிராகத் 'தகுதி' பேசுகிறவர்கள் சொல்வதும் இதுதான்: இந்தச் சுற்றைப் பார், போன சுற்றுகளை மறந்துவிடு. தகுதி என்பது முந்தைய சுற்றுகளில் சேர்ந்த சோழி என்பதை இந்தக் கதையாடல் மறைக்கிறது.

1921இல் நீதிக்கட்சி ஆட்சி முதல் வகுப்புவாரி ஆணையைப் பிறப்பித்தது. கல்லூரி இடங்களுக்கான ஆணை செல்லாதென 1951இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழகம் கொதித்தது, அதே ஆண்டு அரசியல் சட்டமே திருத்தப்பட்டது.

விதியை மாற்றுவதும் ஆட்டம்தான். தோற்றவர்கள் ஆடியே தீரவேண்டிய ஆட்டம்.