எல்லாம் பச்சை, ஆனாலும் பில் எங்கே?

பழைய பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் பார்க்கப் போனால் விற்பவர் பானெட்டைத் திறப்பதற்கு முன் திரையைத் திறப்பார். "எல்லாம் பச்சை சார், ஆயில் சர்வீஸுக்கு இன்னும் 12,000 கிலோமீட்டர் இருக்கு" என்பார். நான் இப்போது ஓட்டும் எஃப்30 தலைமுறை 320டியும் அப்படிப் பச்சையோடுதான் வந்தது. 2012இல் இந்தியாவுக்கு வந்த இந்தத் தலைமுறையை மறைமலைநகர் பக்கம் மகேந்திரா சிட்டியை ஒட்டிய பிஎம்டபிள்யூ ஆலையிலேயே பூட்டினார்கள். இன்று புது செடான் ஒன்றின் விலைக்கே கிடைக்கிறது. சர்வீஸ் செலவு மட்டும் சொகுசு கார் செலவுதான். அதனால் அந்தப் பச்சையை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று தெரிந்துகொள்வது காசு விஷயம்.

திரையை இயக்கும் ஐடிரைவ் குமிழைத் திருகி வண்டியின் நிலை பக்கத்துக்குப் போனால் பட்டியல் வரும்: இன்ஜின் ஆயில், முன் பிரேக் பேட், பின் பிரேக் பேட், பிரேக் ஆயில், பொதுச் சோதனை. பச்சை என்றால் இப்போதைக்கு வேலையில்லை, மஞ்சள் என்றால் கெடு நெருங்குகிறது, சிவப்பு என்றால் கெடு தாண்டிவிட்டது. பார்ப்பதற்கு இதைவிடத் தெளிவான திரை அந்த வயது கார்களில் அபூர்வம்.

பட்டியலைப் படிக்கும் முன் காரின் தேதி சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பிரேக் ஆயில் கிலோமீட்டரைப் பார்த்து மாற்றுவதல்ல. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதனால் வழக்கமாக 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், கெடுவும் மாதம், ஆண்டு என்றே வரும். பேட்டரியைக் கழற்றி மாட்டித் தேதி தப்பியிருந்தால் அந்தக் கெடுவுக்கு அர்த்தமே இல்லை.

ஆயில் வரிதான் என் பெரிய மனக்குறை. கடைசியாக ரீசெட் செய்ததிலிருந்து எவ்வளவு டீசல் எரிந்தது, எவ்வளவு தூரம் ஓடியது, எத்தனை மாதம் ஆனது என்று கார் கணக்குப் போடுகிறது. நல்ல கணக்குதான். ஆனால் அன்றைக்கு ஆயில் உண்மையில் மாறியதா என்பது அதற்குத் தெரியாது. கேஸ் புக் செய்த தேதியை வைத்து சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்று சொல்வது போலத்தான். ரீசெட் செய்ய ஸ்கேனர்கூட வேண்டாம். இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் போட்டு, டிரிப் மீட்டர் பொத்தானைச் சுமார் 10 நொடி அழுத்திப் பிடித்தால் பட்டியல் மீட்டரிலேயே வரும். ஆயில் படம் வந்ததும் மறுபடி அழுத்திப் பிடித்தால் முடிந்தது. ஒரு சொட்டு ஆயில் கீழே இறங்காமல் கெடு புதுசாகிவிடும்.

பிரேக் பேட் வரி வேறு ரகம். பேடுக்குள் ஒரு சென்சார் கம்பி பதிந்திருக்கிறது. பேட் தேயத் தேயக் கம்பியும் அறுபடும், கார் அதை வைத்துத் தன் கணக்கைத் திருத்திக்கொள்ளும். பேட் தீர்ந்து கம்பி அறுந்துவிட்டால் பொத்தானை எவ்வளவு அழுத்தினாலும் ரீசெட் ஆகாது, புது சென்சார் மாட்ட வேண்டும். ஆனால் தேய்ந்த பேடிலேயே புது சென்சாரை மாட்டிவிட்டாலும் காருக்குத் தெரியாது. இன்னொன்று: சென்சார் முன்னால் இடது சக்கரத்திலும் பின்னால் வலது சக்கரத்திலும் மட்டும்தான். மற்ற இரண்டில் காலிப்பர் இறுகிப் பேட் ஒரே பக்கம் தேய்ந்தால் திரை பச்சையாகவே இருக்கும். சக்கர இடுக்கில் டார்ச் அடித்து நான்கையும் பார்க்க மெக்கானிக்குக்குச் சில நிமிடம் போதும்.

இந்தப் பட்டியலையும் எச்சரிக்கை விளக்கையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. சர்வீஸ் கெடு சிவப்பானாலும் வீட்டுக்கு ஓட்டிப் போகலாம். ஓடும்போது சிவப்பு ஆயில் கேன் எரிந்தால் ஆயில் பிரஷர் போய்விட்டது என்று பொருள்: அங்கேயே ஓரம் கட்டி இன்ஜினை அணைக்க வேண்டும்.

விற்பவர் சொல்வதைச் சரிபார்க்க வழி இல்லாமல் இல்லை. இந்தக் காலத்து பிஎம்டபிள்யூ சாவிகள் ஓடிய தூரத்தையும் சர்வீஸ் விவரத்தையும் தம்முள் பதிந்துகொள்ளும், அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் அதைப் படித்துச் சொல்வார்கள். சில கார்களில் சர்வீஸ் வரலாறு திரையிலேயே இருக்கும். மீட்டரில் ரீசெட் மட்டும் நடந்து வரலாற்றில் வரி இல்லையென்றால், வெளியே செய்த வேலைக்கு பில் கேளுங்கள்.

பட்டியலில் வராதவைதான் பர்ஸைக் கிழிப்பவை. கூலண்டுக்கு வரி கிடையாது. 8 கியர் ஆட்டோமேட்டிக் பெட்டியின் ஆயிலுக்கும் கிடையாது, கார் கம்பெனி அதை ஆயுளுக்கும் போதும் என்று விட்டுவிட்டது. ஆனால் அந்தப் பெட்டியைச் செய்த இசட்எஃப் நிறுவனம் 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள், அல்லது 8 ஆண்டில் மாற்றச் சொல்கிறது. இன்று கைமாறும் 320டிக்களில் பெரும்பாலானவை அந்த வயதைத் தாண்டியவை. ஆகவே விலை பேசும்போது கியர் ஆயில், இன்ஜின் ஆயில், பிரேக் ஆயில் மூன்றுக்குமான தொகையைக் கழித்துக் கேளுங்கள். வாங்கியதும் மூன்றையும் மாற்றி, பட்டியலில் உள்ள இரண்டையும் உங்கள் கண்முன்னே ரீசெட் செய்யச் சொல்லுங்கள். கியர் ஆயில் மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் சர்வீஸ் புத்தகத்தில் நீங்களே எழுதிவைக்க வேண்டியதுதான்.