கடற்பாம்புகளுக்கு ஓர் ஆசி

கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்ற நம் ஆயர்களுட் பலருக்குக் கோல்ரிட்ஜின் 'முதிய மாலுமியின் பாடல்' பழக்கமானதே. அதன் இறுதியில், எல்லா உயிர்களிடத்தும் அன்புகூர்தலையே நல்ல ஜெபமாக மாலுமி போதிக்கும் பகுதி அருளுரைகளிலும் எடுத்தாளப்படுவதுண்டு. ஆயினும் கவிதையின் உயிர்நிலை அங்கில்லை. நான்காம் பகுதியில் வரும் கடற்பாம்புகளிடத்தே உள்ளது என்பது எம் கருத்து.

1798இல் வேர்ட்ஸ்வர்த்துடன் இணைந்து வெளியிட்ட 'லிரிக்கல் பேலட்ஸ்' தொகுப்பில் இக்கவிதை முதன்முதலாக அச்சேறியது. எழுதியபோது கோல்ரிட்ஜ் கடற்பயணம் எதுவும் செய்தவரல்லர். அவ்வாண்டு ஜனவரியில் ஷ்ரூஸ்பரி நகர யூனிட்டேரியன் சபையின் ஆயர் பணியை நாடி அங்கு அருளுரையாற்றி, பின்னர் வெட்ஜ்வுட் சகோதரர்கள் ஆண்டுக்கு 150 பவுண்டு அளிக்க முன்வந்ததால் அப்பணியை ஏற்காது விட்டவர். பிரசங்க மேடையை விட்டு விலகியவரின் கவிதை அம்மேடைக்கே திரும்பி வந்தது வியப்பே.

கதையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. கப்பலைத் தொடர்ந்து வந்த ஆல்பட்ராஸ் பறவையை மாலுமி காரணமின்றி எய்து கொல்கிறான். கப்பல் பசிபிக் பெருங்கடலில் காற்றின்றி நின்றுவிடுகிறது. உடனிருந்த 200 பேரும் மாள்கின்றனர். அவன் மட்டும் எஞ்சுகிறான். ஜெபிக்க முயன்றும் அவனால் இயலவில்லை. இத்துணை அழகிய மனிதர் மாண்டு கிடக்க, வழுவழுப்பான கடற்பிராணிகள் வாழ்கின்றனவே என்று மனங்கசந்து, அவற்றோடு தன்னையும் சேர்த்து வெறுக்கிறான். ஏழு நாள்கள் இவ்வாறு கழிகின்றன. பின்பு நிலவு எழுகிறது.

இங்கே கவிஞர் காட்டும் நுட்பம் நோக்கற்பாலது. கப்பலின் நிழலுக்கு அப்பால் பாம்புகள் வெண்ணிற ஒளிக்கோடுகளாகவே தோன்றுகின்றன. நிழலுக்குள் வரும்போதுதான் நீலமும் மினுமினுக்கும் பச்சையும் பட்டுக் கருமையும் தெரிகின்றன. அவை நீந்திய தடமெல்லாம் பொன்னொளி. சாபம் தங்கிய கப்பலின் நிழலிலேதான் நிறங்கள் புலனாகின்றன. பாம்புகள் மாறவில்லை, இரண்டு நாள்களுக்கு முன்னும் அவை இவ்வாறே நீந்தியிருக்கும். அவனோ தன்னையறியாமல் அவற்றை ஆசீர்வதிக்கிறான். அந்நொடியே ஜெபம் பிறக்கிறது. கழுத்தில் தொங்கிய பறவை கடலில் விழுகிறது. தீர்மானித்துச் செய்த நற்செயலாக இதனைக் கோல்ரிட்ஜ் காட்டவில்லை. கிருபை முந்தி வருகிறது என்று நாம் போதிப்பதை இதைவிடத் தெளிவாகச் சொன்ன கவிதை வேறொன்றை யாம் அறியோம்.

இவ்விடத்தில் ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தைத் திறந்து வைத்துக்கொள்வது நன்று. திருமறையில் வரும் முதல் ஆசி மனிதருக்கு அருளப்பட்டதன்று, ஐந்தாம் நாளில் நீர்வாழ் உயிர்களுக்கும் பறவைகளுக்கும் அருளப்பட்டது (ஆதி. 1:22). அவ்வுயிர்களுள் முதலில் பெயர் சுட்டப்படுபவை எபிரேயத்தில் 'தன்னினிம்'. நம் பழைய மொழிபெயர்ப்பு அதனை 'மகா மச்சங்கள்' என்கிறது. ஆனால் ஆரோனின் கோல் மாறியதும் 'தன்னின்' ஆகவே; அங்கு அதே மொழிபெயர்ப்பு 'சர்ப்பம்' என்கிறது (யாத். 7). ஏசாயா 27:1இல் கர்த்தர் கொன்றுபோடும் கடற்பிராணியும் தன்னினே. அண்டை நாட்டார் தெய்வங்களின் பகையாக எண்ணி அஞ்சிய கடற்சர்ப்பத்தை ஆதியாகமம் படைப்பாக நிறுத்தி, அதன்மேல் ஆசியும் கூறுகிறது. 'மகா மச்சம்' என்று படிக்கும் நமக்கு இவ்வதிர்ச்சி தவறிப்போகிறது. மாலுமி அறியாது செய்தது, தேவன் ஐந்தாம் நாளில் செய்ததேயாம்.

மற்றொன்று: அவ்வசனத்தில் ஆசீர்வதித்தலைக் குறிக்கும் எபிரேய வினையே 104ஆம் சங்கீதத்தின் தொடக்கத்தில் 'ஸ்தோத்திரி' என்று தமிழாகியிருக்கிறது. லிவியாதான் கடலில் விளையாடுவதைக் கண்டு மகிழும் சங்கீதம் அது. தேவன் உயிர்களுக்குச் செய்வதும் உயிர்கள் தேவனுக்குச் செய்வதும் ஒரே சொல். தமிழில் அவை இரண்டாகப் பிரிந்துவிட்டன. எனவே மாலுமியின் ஆசியை நன்றிப்பலியாகவும் கொள்ளலாம். நம் அறுப்பின் பண்டிகையில் நெல்லுக்கும் தேங்காய்க்கும் நன்றி கூறுகிறோம். வலையில் சிக்கிய கடற்பாம்பை அருவருப்போடு எறியும் மீனவரை நாம் குறைகூற இயலாது. அதன் நஞ்சு உயிரைக் குடிக்கும். உண்ண உதவாததும் கொல்ல வல்லதுமான உயிருக்காக ஸ்தோத்திரம் சொல்லும் வழிபாட்டு முறை நம்மிடம் உண்டா?

கவிதையில் குறைகளும் உள. ஒருவன் பாவத்திற்காக 200 பேர் மாள, அவனுடைய உயிர் சூதாட்டத்தில் தப்புகிறது. இதனை இறையியலாகக் கொண்டு நியாயப்படுத்த முயல்வோர் தம்மையே ஏமாற்றிக்கொள்கின்றனர். யோபின் நண்பர்கள் செய்ததும் அதுவே. இறுதிப் போதனையோ இன்னொரு குறை. இக்கவிதையில் நீதி எதுவுமில்லையே என்று பார்பால்டு அம்மையார் குறைப்பட்டபோது, நீதி மிகுந்துபோனதே தவறு என்று தாம் மறுமொழி கூறியதாகக் கோல்ரிட்ஜ் பிற்காலத்தில் கூறினார். அவர் கூற்றே சரி. அப்போதனையில் மனிதனும் பறவையும் விலங்கும் பெயர் சொல்லிக் குறிக்கப்படுகின்றனர். பெரியவை, சிறியவை என்று எல்லாவற்றையும் அடுத்துச் சேர்த்துக்கொண்டாலும், மாலுமியை விடுவித்த கடற்பாம்புகளுக்கு அங்கே பெயரில்லை. மேடைக்கு ஏற்றவாறு சுருக்கியபோது பாம்பு நழுவிவிட்டது.

கதையைக் கேட்ட திருமண விருந்தினனும் நம்மை உறுத்துகிறான். மணமகனின் நெருங்கிய உறவினன் அவன். கதை முடிந்ததும் மணவீட்டு வாயிலை விட்டுத் திரும்பிப் போகிறான். மறுநாட் காலை முன்னினும் துயரமும் அறிவும் மிக்கவனாக எழுகிறான். நீலமும் பச்சையும் அவன் கண்ணில் பட்டனவா என்று கவிஞர் சொல்லவில்லை.