சுட்ட பழமும் சுடாத பழமும்

தை பிறந்துவிட்டால் அடையாறில் எங்கள் தெருமுனைப் பழக்கடைக்கு ஸ்ட்ராபெர்ரி வந்துவிடும். 200 கிராம் பிளாஸ்டிக் பெட்டி. மேலே பளபளவென்று பெரிய பழங்கள், அடியில் நசுங்கியவை. செம்புற்றுப்பழம் என்று அதற்கொரு தமிழ்ப்பெயர் உண்டு. தமிழில் முனைவர் பட்டம் வாங்கிய நானும் அந்தப் பெயரைச் சொல்லிக் கடையில் கேட்டதில்லை. சென்ற தையில் 4 பெட்டிகள் வாங்கினேன், பெட்டி 120 ரூபாய். பை செய்யப் போகிறேன் என்று மயிலாப்பூரிலிருக்கும் அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன்.

“என்ன பை? தைக்கப் போறியா?” என்றாள்.

மைதாவும் வெண்ணெயும் சேர்த்துப் பிசைந்து, தட்டில் பரப்பிச் சுட்டு, அந்த ஓட்டுக்குள் பழத்தை நிரப்புவது என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் பேசாமலிருந்துவிட்டு, “சரி, யாருக்கு?” என்று கேட்டாள்.

மகள் வெளியூரில் படிக்கிறாள். கணவருக்குச் சர்க்கரை. பிறந்தநாளில்லை, பண்டிகையில்லை, யாரும் கேட்கவுமில்லை. பெண்கள் படைப்பில் சமையலறையின் அரசியல் பற்றி 20 வருடமாக வகுப்பெடுக்கும் எனக்கு, “எனக்குத்தான்” என்று ஒரு சொல் வாயில் வரவில்லை. “ஃப்ரெண்ட்ஸ் வர்றாங்கம்மா” என்று பொய் சொன்னேன். அந்தப் பொய் ஏன் வந்தது என்று யோசித்ததில் எழுதியது இது.

முதலில் சமையல் குறிப்பை ஒரு பிரதியாக வாசித்துப் பார்க்கலாம். நான் வைத்திருந்த குறிப்பு இப்படித் தொடங்கியது: கழுவித் துடைத்துக் காம்பு நீக்கிய ஸ்ட்ராபெர்ரி 800 கிராம். சிறு துண்டுகளாக நறுக்கிக் குளிரவைத்த வெண்ணெய் 110 கிராம். சலித்த மைதா ஒன்றேகால் கப். பிழிந்த எலுமிச்சைச் சாறு ஒரு கரண்டி. செய்முறை இனிமேல்தான். அதற்குள்ளாகவே ஒருத்தி முக்கால் மணி நேரம் உழைத்து முடித்திருக்கிறாள். அந்த உழைப்பு முழுவதும் ‘நீக்கிய’, ‘நறுக்கி’, ‘சலித்த’, ‘பிழிந்த’ என்று எச்சங்களுக்குள் போய்விட்டது. நம்மூர்க் குறிப்புகளும் அப்படித்தான்: துருவிய தேங்காய், ஊறவைத்த புளி, தோலுரித்த சின்ன வெங்காயம். யார் துருவினார், யார் உரித்தார்? எழுவாயைச் சொல்லாமலே வாக்கியம் நிற்க எச்சம் இடம் கொடுக்கிறது. உழைப்பைப் பொருட்பட்டியலில் ஒளித்துவைப்பதற்கு இதைவிட வசதியான இலக்கணம் இல்லை.

பட்டியல் முடிந்து செய்முறைக்கு வந்தால் ‘பிசையவும்’, ‘பரப்பவும்’, ‘கிளறவும்’. வியங்கோள் வினைமுற்று ஐந்து பாலுக்கும் மூன்று இடத்துக்கும் பொது என்று நன்னூல் சொல்வதை முதலாண்டு மாணவிகளுக்கு நடத்துகிறேன். இக்காலத்து ‘-வும்’ அந்த வேலையைத்தான் பார்க்கிறது. ‘கிளறவும்’ என்ற சொல் ஆணையும் கிளறச் சொல்கிறது, பெண்ணையும் கிளறச் சொல்கிறது. ஆனால் 2019ஆம் ஆண்டு தேசியப் புள்ளியியல் அலுவலகம் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளில் அதற்குச் செலவிடும் நேரம் 299 நிமிடம், ஆண் 97 நிமிடம். அந்த 97ம் ஏதோ ஒரு வீட்டுவேலை செய்கிற ஆண்களின் சராசரி மட்டுமே. இலக்கணம் பொதுவாக வைத்ததை வீடு பெண்பாலாக்கிக்கொண்டது.

சமையல் நூல் என்றதும் மயிலாப்பூர்ப் பெண்களுக்கு நினைவு வருவது எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’. முதல் பாகம் வந்தது 1951இல். இளம் வயதில் கணவனை இழந்தவர் அவர். கைம்பெண்ணை மணவறைப் பக்கம் வரவிடாத ஒரு காலத்தில் அவர் எழுதிய புத்தகம் கல்யாணமான பெண்களின் சீர் சாமான்களோடு புக்ககம் போனது. அந்தத் தலைப்பை நான் வெகுநாள் ஒரு மாமியாரின் குரலில்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது வேறு மாதிரி கேட்கிறது. ‘பார்’ என்ற துணைவினைக்கு முயன்று பார் என்ற பொருளும் உண்டு, செய்துவிட்டு உன் கண்ணால் பார் என்ற பொருளும் உண்டு. இரண்டிலும் செய்கிறவள்தான் பார்க்கிறவள். அடுத்தவர் சாப்பிட்டுவிட்டுச் சொல்லும் தீர்ப்புக்கு அந்தச் சொல்லில் இடமில்லை.

தீர்ப்புக்கு இடம் கொடுத்த பாட்டு குறுந்தொகை 167, கூடலூர் கிழார் பாடியது. முற்றிய தயிரைப் பிசைந்த விரலை உடுத்திய துணியில் துடைத்துக்கொண்டு, அதை மாற்றவும் செய்யாமல், தாளிப்புப் புகை கண்ணில் ஏற, தானே துழாவிப் புளிக்குழம்பு வைக்கிறாள் தலைவி. கணவன் இனிதென்று உண்கிறான். அவள் முகம் நுட்பமாக மலர்கிறது. இல்லறத்தின் இனிமைக்கு எடுத்துக்காட்டாக இந்தப் பாட்டைப் பாடப்புத்தகங்களில் வைப்போம். நானும் அப்படித்தான் நடத்திவந்தேன். ஒருமுறை மாணவி ஒருத்தி எழுந்து, “அவ சாப்பிட்டாளா மேடம்?” என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. பாட்டில் அதற்குப் பதில் இல்லை.

இந்தப் பாட்டைச் சொல்வது யார் என்பது முக்கியம். மகளின் புது வீட்டைப் பார்த்துவிட்டு வந்த செவிலித்தாய், பெற்ற தாயிடம் சொல்கிறாள். ஒரு பெண்ணைப் பற்றி இன்னொரு பெண் மற்றொரு பெண்ணிடம் சொல்லும் செய்தி. சமையல் குறிப்பு மறைக்கும் எல்லாவற்றையும் செவிலி சொல்லிவிடுகிறாள்: விரல், அழுக்கான துணி, எரியும் கண், ‘தானே’ என்ற அழுத்தம். கணவன் காதுக்கு அது இனிமை. பெற்றவள் காதுக்குள் புகைதான் முதலில் போயிருக்கும் என்று நினைக்கிறேன். ஆனாலும் பாட்டு முடிவது அவன் சொல்லிலும் அதற்கு அவள் முகம் தரும் பதிலிலும். சமையலின் பொருள் உண்பவன் வாயில் தீர்மானமாகிறது. என் பொய்யின் வேர் இங்கேதான் இருக்கிறது. உண்டு தீர்ப்புச் சொல்ல ஓர் ஆள் இல்லாமல் பெண் அடுப்பேற்றினால் அந்தச் செயலுக்குப் பெயரில்லை.

ஆண் சமைத்தால் பெயர் உண்டு. நளபாகம், பீமபாகம் என்போம். நளன் உருமாறிக் கிடந்தாலும் அவன் சமைத்ததைச் சுவைத்தே தமயந்தி அவனைக் கண்டுகொள்கிறாள். அவன் கைக்கு ஒரு கையெழுத்து இருக்கிறது. மார்கழியில் மயிலாப்பூர், தி. நகர் சபாக்களில் கச்சேரிக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கேன்டீனுக்காக வருகிறார்கள் என்று கேலி செய்வோம். அங்கே பட்டம் பெற்ற சமையல் கலைஞர்கள், ‘அறுசுவை அரசு’ நடராஜன் போன்றவர்கள், ஆண்கள். அவர்கள் திறமையில் எனக்குச் சந்தேகமில்லை. கேன்டீனில் ஒரு நாள் விட்டுச் சாப்பிடுகிற வீட்டில் மீதி நாளெல்லாம் சமைக்கிறவளுக்கு என்ன பட்டம் என்பதுதான் கேள்வி. 2023 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு கலைஞர் மகளிர் உரிமைத் தொகையைத் தொடங்கியது. மாதம் 1000 ரூபாய். உதவித்தொகை என்று சொல்லாமல் உரிமை என்று பெயர் வைத்ததை நான் மதிக்கிறேன். மேலே சொன்ன 299 நிமிடத்தால் வகுத்துப் பார்த்தால் ஒரு மணி நேரத்துக்கு 7 ரூபாய்கூட வராது. அது கூலியாகாது. ஆனால் கூலி தர வேண்டிய ஏதோ நடக்கிறது என்பதற்கான ஒப்புதல்.

இனி அந்தப் பை. ஓட்டுக்கு வெண்ணெய் உருகக்கூடாது. மாவுக்கிடையில் சின்னச் சின்னத் துண்டாகக் கெட்டியாக நின்றால்தான் அடுப்புச் சூட்டில் நீராவி கிளம்பி அடுக்கடுக்காகப் பிரியும். சென்னையில் தையிலும் பகலில் 29 டிகிரி. ஆகவே விடியற்காலை 5 மணிக்கு எழுந்தேன். மாவையும் பாத்திரத்தையும் முந்தின இரவே ஃப்ரீசரில் வைத்திருந்தேன். அம்மா 40 வருடம் எழுந்த நேரம் அது. அவளை எழுப்பியது பால்காரரின் மணி, என்னை எழுப்பியது என் ஆசை. மின்விசிறியைப் போட்டால் மாவு பறக்கும், போடாவிட்டால் வெண்ணெய் இளகும். பாண்டி பஜாரில் வாங்கிய 9 அங்குலத் தட்டில் மாவைப் பரப்பி, மேலே தாள் விரித்து, உப்பி எழாமலிருக்கக் கொண்டைக்கடலையைக் கொட்டி, 190 டிகிரியில் வைத்தேன்.

இந்தப் பையில் பழத்தின் ஒரு பங்கைத்தான் அடுப்பில் ஏற்ற வேண்டும். நசுங்கின பழங்களை மசித்து, சர்க்கரையும் கார்ன்ஃப்ளாரும் தண்ணீரும் சேர்த்து, கலங்கல் தெளிந்து கண்ணாடி மாதிரி ஆகும்வரை கொதிக்கவிட வேண்டும். ஆறியதும் அந்தக் கூழை மற்ற பச்சைப் பழங்கள்மீது ஊற்றி, ஓட்டில் நிரப்பி, 4 மணி நேரம் குளிரவைக்க வேண்டும். ஒரே தட்டில் சுட்ட பழமும் சுடாத பழமும்.

ஔவை நினைவுக்கு வராமல் எப்படி? நாவல் மரத்தடியில் அந்தக் கேள்வியால் மடக்கப்பட்டவள் அவள். எல்லாம் கற்ற பெண்ணை மரத்தின் மேலிருக்கும் சிறுவன் ஒருவன் தோற்கடிக்கும் கதையை நாம் தலைமுறை தலைமுறையாக ரசித்துச் சொல்கிறோம். அறிவுள்ள பெண்ணைக் கிழவியாக்கினால்தான் ஊருக்குள் நடமாடவிடுவோம், அப்போதும் ஒரு பையன் திருத்த வேண்டும். எனக்கு இதைவிடப் பிடித்தது இன்னொரு ஔவையின் பழம். அதியமான் அரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் சங்க கால ஔவைக்குத் தந்தான். அதை அவள் ஊறுகாய் போடவில்லை, யாருக்கும் பங்கு வைக்கவில்லை. உண்டாள், பாடினாள். பெண்ணின் கைக்கு வந்த பழம் அவள் வாய்க்கே போன காட்சி நம் இலக்கியத்தில் எத்தனை இருக்கிறது?

ஸ்ட்ராபெர்ரிக்கும் ஒரு கதை உண்டு. நாம் விதை என்று நினைக்கும் அந்தப் புள்ளிகள்தான் தாவரவியல்படி கனிகள். பழமென்று சாப்பிடுவது பூவின் வீங்கிய அடித்தண்டு. 1714இல் ஃப்ரேசியே என்ற பிரெஞ்சு அதிகாரி சிலி நாட்டிலிருந்து பெரிய பழம் தரும் செடிகளைக் கப்பலில் கொண்டுபோனார். பிரான்சில் அவை காய்க்கவே இல்லை. வந்தவை எல்லாம் பெண் செடிகள். வட அமெரிக்க வகையொன்றைப் பக்கத்தில் நட்ட பிறகுதான் காய்த்தன, அந்தக் கலப்பில் பிறந்ததே இன்று உலகமெல்லாம் விற்கும் பழம். பெரிய பழத்துக்காக அந்தச் செடியைத் தலைமுறைகளாகப் பேணியவர்கள் சிலியின் பழங்குடி மக்கள். வரலாற்றில் கொண்டுபோனவருக்குப் பெயர் நின்றது, வளர்த்தவர்களுக்கு நிற்கவில்லை. இதுவும் எழுவாய் மறைந்த எச்சம்தான்.

எச்சங்களைப் பற்றி இவ்வளவு பேசும் நான் என் வீட்டு எச்சத்தையும் சொல்ல வேண்டும். பை முடிந்தபோது தொட்டியில் 14 பாத்திரங்கள். வேலைக்கு வரும் பெண்மணி பார்த்துவிட்டு, “இன்னாக்கா, வீட்ல விசேஷமா?” என்றார். என் சுதந்திரம் அவருக்கு அரைமணி நேரக் கூடுதல் வேலை. “நீங்க விடுங்க, நானே கழுவிக்கிறேன்” என்றேன். அவர் என்னைக் கொஞ்சம் சந்தேகமாகப் பார்த்தார். பழம் எவ்வளவு என்று கேட்டார். நாலு பெட்டி 480 என்றேன். “ஐந்நூறா?” என்றார், அவ்வளவுதான். உரிமைத் தொகையில் பாதி. ஒரு துண்டு கொடுத்தேன், மகளுக்கென்று டப்பாவில் வாங்கிக்கொண்டு போனார். அவருக்கென்று இன்னொன்று வெட்டித் தர வேண்டும் என்று எனக்குத் தோன்றியபோது அவர் கேட்டைத் தாண்டியிருந்தார்.

நான் சாப்பிட்டேன். நின்றுகொண்டு சாப்பிடாமல், தட்டில் வைத்து, மேஜையில் உட்கார்ந்து. ஓடு ஒரு பக்கம் கொஞ்சம் தடித்துவிட்டது. பழம் நன்றாக இருந்தது. இனிதென்று சொல்ல யாருமில்லை. நானே சொல்லிக்கொண்டேன், சிரிப்பாக வந்தது.

சாயங்காலம் மயிலாப்பூருக்கு ஒரு துண்டு எடுத்துப்போய், ஃப்ரெண்ட்ஸ் யாரும் வரவில்லை, எனக்காகத்தான் செய்தேன் என்று அம்மாவிடம் ஒப்புக்கொண்டேன். அவள் அதிர்ச்சியடையவில்லை. ஸ்பூனால் ஓட்டைத் தட்டிப் பார்த்து, “பிஸ்கட் மாதிரி இருக்கு” என்றாள். பிறகு, “நீங்கள்லாம் ஸ்கூலுக்குப் போனப்புறம் வத்தக்குழம்பு வச்ச கல்சட்டியிலயே சோத்தப் போட்டுப் பெரட்டி, நல்லெண்ணெய் விட்டுச் சாப்பிடுவேன். அதுக்குன்னே அடியில கொஞ்சம் வத்தவிடுவேன். உங்கப்பாவுக்குக்கூட அது கெடையாது” என்றாள்.

அம்மா எங்களுக்கெல்லாம் போட்டுவிட்டு மிச்சத்தைச் சாப்பிட்டாள் என்று நான் மேடைகளில் பேசியிருக்கிறேன், கவிதையிலும் எழுதியிருக்கிறேன். அது மிச்சமில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவள் அடியில் வற்றவிட்டது. ஆனால் அதைச் சாப்பிட வீடு காலியாக வேண்டியிருந்தது, கதவு சாத்த வேண்டியிருந்தது. 40 வருடம் கழித்து, எனக்கும் ஒரு பொய் தேவைப்பட்டது. என் மகள் போன வாரம் விடுதியிலிருந்து கூப்பிட்டு, அறைத்தோழியின் மின்சாரக் கெட்டிலில் நூடுல்ஸ் போட்டுக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். யாருக்கு என்று கேட்க வாயெடுத்தேன். நிறுத்திக்கொண்டேன்.