இரண்டு பாத்திரங்களுடன் ஒரு பெண்

கேள்வி கேட்டுக் கற்பது பற்றி எந்த ஆசிரியர் பயிற்சிக்குப் போனாலும், இரண்டாம் நாள் காலைக்குள் டோட்டோ-சான் வந்துவிடுவாள். பேசுபவர் பெரும்பாலும் ஆண். கீழே உட்கார்ந்து கேட்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். பள்ளியில் சேர வந்த சிறுமி பேசி முடிக்கும்வரை, தலைமை ஆசிரியர் கோபயாஷி நான்கு மணி நேரம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்த காட்சி சொல்லப்படும். அரங்கில் சிலருக்குக் கண் கலங்கும். எனக்கும் கலங்கியிருக்கிறது. அடுத்து, நீங்களும் உங்கள் வகுப்பில் ஏன் அப்படிக் கேட்கக் கூடாது என்ற கேள்வி வரும். கண்ணைத் துடைத்துக்கொண்ட பெண்கள் இப்போது தலையைக் குனிந்துகொள்வார்கள்.

அந்தத் தலைகுனிவு தேவையற்றது என்பதற்கு அந்தப் புத்தகமே சாட்சி. தெத்சுகோ குரோயாநாகி தன் பள்ளி நாட்களைப் பற்றி எழுதி 1981இல் ஜப்பானில் வெளியான நூல் அது. தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்டது. தோக்கியோவில் பழைய ரயில் பெட்டிகளை வகுப்பறைகளாக வைத்து 1937இல் தொடங்கிய டோமோயி பள்ளி, 1945இல் விமானக் குண்டுவீச்சில் எரிந்து போனது. எந்தப் பாடத்தை முதலில் படிப்பது என்பதைக் குழந்தையே தீர்மானிக்கலாம். உழவர் ஒருவர் வயலில் நின்று பாடம் நடத்துவார். இதையெல்லாம் நாம் திரும்பத் திரும்பச் சொல்லியாகிவிட்டது. அந்தப் புத்தகத்தில் இருக்கும் பெண்களை யாரும் சொல்வதில்லை.

மதிய உணவுக் காட்சியை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு பிள்ளையின் டப்பாவிலும் கடலிலிருந்து கொஞ்சம், மலையிலிருந்து கொஞ்சம் இருக்க வேண்டும் என்பது கோபயாஷியின் ஏற்பாடு. சத்துணவு பற்றிய பாடத்தை ஒரு விளையாட்டாக மாற்றிவிட்டார். மீன் எது, கிழங்கு எது, அது எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகள் தாமே கேட்கத் தொடங்குகிறார்கள். அருமையான கற்பித்தல் முறை, சந்தேகமில்லை. அவர் டப்பாக்களைப் பார்த்துக்கொண்டே வரும்போது, பின்னால் அவருடைய மனைவி இரண்டு பாத்திரங்களை ஏந்திக்கொண்டு வருகிறார். ஒன்றில் கடல், ஒன்றில் மலை. எந்தப் பிள்ளையின் டப்பாவில் எது குறைகிறதோ, கணவர் அதன் பெயரைச் சொல்ல, அவர் அதை எடுத்து வைக்கிறார். முறை கணவருடையது, சமையல் மனைவியுடையது. டோமோயி பற்றி நாம் பேசும் எல்லாப் பேச்சிலும் முதலாமவர் கல்வியாளர். இரண்டாமவருக்குப் பெயர்கூடக் கிடையாது.

அம்மாவைப் பாருங்கள். முதல் பள்ளி தன் மகளை வெளியே அனுப்பிவிட்டதை, அவளுக்கு இருபது வயது தாண்டும்வரை சொல்லாமல் வைத்திருந்தவர் அவர். வேலிக்கு அடியில் நுழைந்து நுழைந்து மகள் உடையைக் கிழித்துக்கொண்டு வருவாள். பழைய உடையில் அனுப்புங்கள், கிழிந்தால் கிழியட்டும் என்பது பள்ளியின் கொள்கை. நல்ல கொள்கைதான், ஆனால் கிழிந்ததை இரவில் தைப்பது கொள்கைக்கு வெளியே நடக்கிறது. நம் ஊரில் மண்ணில் உட்காராதே, சட்டையை அழுக்காக்காதே என்று அதட்டும் தாயை, குழந்தையின் ஆர்வத்தைக் கொல்பவளாகக் காட்டாத பெற்றோர் கூட்டம் அபூர்வம். காலையில் துவைத்துக் காயப்போட்டுவிட்டு வேலைக்கு ஓடுகிறவள் அவள். அழுக்கின் கணக்கு அவள் கையில் இருக்கிறது, அதனால் அதட்டுகிறாள்.

குரோயாநாகிமீது எனக்கு இதில் குறையில்லை. பாத்திரத்தையும் கிழிந்த துணியையும் மறக்காமல் எழுதி வைத்தவர் அவர்தான். ஒரு குழந்தையின் கண் அவற்றைப் பார்த்திருக்கிறது. பெரியவர்களான நாம்தான் பயிற்சிக் கையேட்டுக்காகப் பிழிந்தெடுக்கும்போது கோபயாஷியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களைச் சக்கையாக எறிந்துவிட்டோம். என் மாணவிகளிடம் இந்தப் புத்தகத்தைக் கொடுக்கும்போது, இதில் வரும் ஒவ்வொரு பெண்ணின் கையிலும் என்ன இருக்கிறது என்று எழுதி வாருங்கள் என்பேன். ஒருமுறை ஒரு மாணவி, கோபயாஷியின் மனைவி எப்போது சாப்பிட்டிருப்பார் என்று கேட்டாள். அன்றைய வகுப்பு அந்தக் கேள்வியிலேயே போய்விட்டது.

இன்னொரு பெண் இருக்கிறார், நூலின் தொடக்கத்திலேயே. டோட்டோ-சானை வெளியே அனுப்பிய பள்ளியின் இளம் ஆசிரியை. இந்தப் பிள்ளை மேசையை ஓயாமல் திறந்து மூடுகிறாள், சன்னலில் நின்று தெருவில் போகும் வாத்தியக்காரர்களை அழைக்கிறாள், குருவியோடு பேசுகிறாள் என்று தாயிடம் புலம்புகிறவர். வாசகர்கள் எல்லோரும் இவரைப் பார்த்துச் சிரிக்கிறோம். அவர் பக்கம் நின்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டோமோயி முழுப் பள்ளிக்கும் ஐம்பது பிள்ளைகள் அளவில்தான். நம் கல்வி உரிமைச் சட்டம் தொடக்கப் பள்ளியில் 30 பேருக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. ஆளுக்கு நான்கு மணி நேரம் கேட்பதென்றால் 120 மணி நேரம். அதே சட்டம் ஒன்று முதல் ஐந்து வகுப்புவரை ஆண்டுக்கு வைத்திருக்கும் பாட நேரம் 800 மணி. ஏழில் ஒரு பங்குக்கு மேல், ஒவ்வொரு பிள்ளையையும் ஒரே ஒரு தடவை கேட்பதற்கே போய்விடும். வீட்டில் இவர்கள் பேச்சைக் கேட்க நான்கு நிமிடம் ஒதுக்க ஆள் இருக்கிறார்களா என்பது வேறு கேள்வி.

கேட்பதே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பொறுமை என்பது குணமல்ல, நேரம். நேரத்தை ஒருவர் கொடுக்க வேண்டும் என்றால் வேறொருவர் அவருக்கு அதை உண்டாக்கிக் கொடுக்க வேண்டும்.

குழந்தையின் இயல்பான ஆர்வம் பற்றிய நவீனப் பேச்சு தொடங்கிய இடத்திலேயே இந்த மறதி இருக்கிறது. ரூசோவின் 'எமில்' வந்தது 1762இல். எமில் பார்த்தும் தொட்டும் விழுந்து எழுந்தும் தானே அறிந்துகொள்ள வேண்டும் என்று நான்கு பகுதிகள் சொல்கின்றன. ஐந்தாம் பகுதியில் அவனுக்கு மனைவியாக சோஃபி வருகிறாள். அவள் கல்வி அவனுக்குப் பிடித்தவளாக இருப்பதற்கான கல்வி. இதை மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட் 1792இலேயே கிழித்துப் போட்டார். கல்வியியல் பட்டப்படிப்பில் எமிலைப் படித்த பலருக்கு சோஃபி யார் என்று தெரியாது என்பதை அனுபவத்தில் சொல்கிறேன். (தனக்கும் தெரேஸ் லெவசூருக்கும் பிறந்த ஐந்து குழந்தைகளையும் அநாதை விடுதியில் சேர்த்தவர் ரூசோ. தெரேஸ் துணி துவைத்துப் பிழைத்தவர். இதைப் பாடத்தில் சேர்த்தாலும் தப்பில்லை.)

டோட்டோ-சானில் தமிழ் வாசகர்கள் அதிகம் சிரிக்கும் காட்சிக்கு வருகிறேன். கழிப்பறைக்குள் விழுந்த தன் பணப்பையைத் தேடி, மலக்குழியில் இருப்பதையெல்லாம் நீளமான அகப்பையால் அள்ளி வெளியே குவிக்கிறாள் சிறுமி. அந்த வழியாக வரும் கோபயாஷி திட்டவில்லை. வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் திரும்ப உள்ளே போட்டுவிடுவாய்தானே என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகிறார். பை கிடைக்கவில்லை. ஆனாலும் அவள் மனநிறைவோடு எல்லாவற்றையும் திரும்பப் போடுகிறாள். தேடுவதும் தேடியதால் வந்த குப்பையை அள்ளுவதும் ஒரே ஆளின் வேலை என்பதை இதைவிட நன்றாகச் சொல்லும் பாடத்தை நான் படித்ததில்லை. கோபயாஷியை நான் மனதார வணங்கும் இடம் அந்த நான்கு மணி நேரமல்ல, இதுதான்.

ஆனால் இதே காட்சியைத் தமிழ்நாட்டுப் பள்ளி ஒன்றில் வைத்துப் பாருங்கள். தலித் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்த செய்திகள் நமக்குப் புதிதல்ல. மலக்குழியில் ஒரு பிள்ளை கை வைப்பது இங்கே யாருடைய பிள்ளை என்பதைப் பொறுத்துத் துணிச்சலாகவோ தண்டனையாகவோ ஆகிறது. ஒரு சாதியின் குழந்தை அதைச் செய்தால் 'எவ்வளவு ஆர்வம்!' இன்னொரு சாதியின் குழந்தைக்கு அதைத் தேடலாகச் செய்யும் வாய்ப்பே இல்லை. அவள் செய்ய மறுப்பதுதான் அவளுடைய கேள்வி. அந்தக் கேள்வியை எந்தப் பயிற்சி அரங்கும் ஆர்வத்தின் கணக்கில் சேர்த்ததாக நான் அறியேன்.

இந்தச் செலவையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொண்டு பள்ளி நடத்தியவர்கள் இருக்கிறார்கள். பயிற்சிகளில் டோட்டோ-சானுக்கு அடுத்தபடியாகச் சொல்லப்படும் நூல் கிஜுபாய் பதேகாவின் 'பகல் கனவு'. அதிலும் நாயகன் ஓர் ஆண் ஆசிரியர்தான். பாவ்நகரில் கிஜுபாயுடன் சேர்ந்து உழைத்த தாராபாய் மோடக்கின் பெயர் நம் அரங்குகளில் ஒலிப்பதில்லை. அவர் 1945இல் மகாராஷ்டிரத்தின் போர்டியில் ஏழைக் குழந்தைகளுக்கான பள்ளியைத் தொடங்கினார். சிறுவயதிலேயே மணமாகிச் சில மாதங்களில் விதவையான அனுதாய் வாக் அவருடன் சேர்ந்தார். பிறகு இருவரும் கோஸ்பாட் குன்றுக்குப் போய் வார்லி பழங்குடிக் குழந்தைகளுடன் வேலை செய்தார்கள்.

அங்கே அவர்கள் கண்டது எளிய உண்மை. மூத்த பிள்ளைகள் பள்ளிக்கு வராததற்குக் காரணம் ஆர்வமின்மை அல்ல, இடுப்பில் இருந்த தம்பி தங்கை. எனவே தொடக்கப் பள்ளியோடு பாலர் பள்ளியையும், கைக்குழந்தைகளுக்கான காப்பகத்தையும் ஒரே வளாகத்தில் சேர்த்தார்கள். அக்கா குழந்தையை இறக்கி வைத்துவிட்டு வகுப்பில் உட்காரலாம். மாடு மேய்க்கப் போகும் பிள்ளைகளுக்காக மேய்ச்சல் வெளியிலேயே பள்ளி வைத்தார்கள். பாலர் பள்ளியை வீட்டு முற்றத்துக்கே கொண்டுபோனார்கள். முற்றத்துக்கு மராத்தியில் அங்கண். நாம் இன்று சொல்லும் அங்கன்வாடி அந்தச் சொல்லிலிருந்து வருகிறது.

நாடு முழுவதும் 1975க்குப் பின் பரவிய அங்கன்வாடிகளில் வேலை செய்யும் பெண்களுக்கு இன்றும் அரசு தருவதற்குப் பெயர் சம்பளமல்ல, மதிப்பூதியம். கொரோனாவுக்குப் பிறகு 2021இல் 'இல்லம் தேடிக் கல்வி' வந்தபோது, மாலையில் தெருப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துக் கதையும் பாட்டும் புதிருமாகச் சொல்லிக்கொடுத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். தன்னார்வலர் என்பது அவர்கள் பெயர். மாதம் 1000 ரூபாய்.