தெருக்கூத்தும் தெருக்குரலும்

ஹிப் ஹாப் என வழங்கும் பாட்டு முறையைப் பற்றித் தமிழாராய்ச்சி இதழில் எழுதப் புகுதல் சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். அது மேனாட்டார் ஆரவாரம் என்றும், யாப்பில் அடங்காதது என்றும் அவர் கூறுவர். முன்னது வரலாற்றளவில் உண்மையே. 1973ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், நியூயார்க்கு நகரின் பிராங்க்ஸ் பகுதியில், ஜமைக்காவினின்றும் குடியேறிய கூல் ஹெர்க் என்பார் இசைத்தட்டு ஒலிபரப்பிய விருந்திலே இது பிறந்தது எனக் கொள்வது வழக்கம். பின்னதோ, செய்யுளியலை மறந்தார் கூற்று. தொல்காப்பியர் வகுத்த 20 வண்ணங்களுள் உருட்டு வண்ணமும் முடுகு வண்ணமும் விரைந்தோடும் ஓசையை நோக்கியன அல்லவோ? இராப் என்பது முடுகு வண்ணமே என நாட்டுதல் எம் கருத்தன்று. அதனை அளக்கும் கருவி நம்பால் உண்டு என்பதே.

மலேசியாவில் யோகி பி குழுவினர் 2006இல் வெளியிட்ட ‘வல்லவன்’ தொகுப்பால் பலர் அறிந்த இம்முறை, தமிழ்நாட்டில் சமூக நீதிக் குரலாய்த் தெளிவுற்றது, 2018 சனவரியில் சென்னையில் மேடையேறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவினாலாம். அதன் பாடகருள் ஒருவராகிய அரக்கோணத்து அறிவு, 2019இல் ‘தெருக்குரல்’ என்னும் தொகுப்பை வெளியிட்டார். திருக்குறளை நினைப்பிக்கும் இச்சிலேடையை வெறும் விளையாட்டெனக் கடத்தல் தகாது. நூலோர் பெயரைத் தெருவோர் உரிமை கொள்ளும் செயல் அது.

இனி விழுப்புரம், செஞ்சி, திண்டிவனம் சூழ்ந்த ஊர்களை நோக்குவாம். ஆண்டுத் திரௌபதியம்மன் விழா, பகலிற் பாரதச் சொற்பொழிவும் இரவிற் கூத்துமாய்ப் பல நாள் நடைபெறும். கட்டியங்காரன் அரசனை வரவேற்ற வாயாலேயே அவனை எள்ளுவான். ஊர்ச் செய்திகளையும் இடைப்பெய்வான். இவனே இராப் பாடகனின் முன்னோன் என எளிதிற் சொல்லிவிடலாம். யாம் தயங்குகின்றோம். அவன் எள்ளல் இசைவு பெற்ற எள்ளல்; விடிந்தால் அரசன் அரசனே, ஊர் ஊரே, சேரி சேரியே. 2023 சூன் திங்களில், விழுப்புரம் மாவட்டத்து மேல்பாதியில், திரௌபதியம்மன் கோயிலொன்று பட்டியலினத்தார் நுழைவுக்கு எழுந்த எதிர்ப்பின் விளைவாக அதிகாரிகளாற் பூட்டி முத்திரையிடப்பட்டது. பின்னர் அது திறக்கப்பட்டதாயினும், திறந்தது கட்டியங்காரன் சொல் அன்று.

உண்மையான ஒப்புமை படுகளத்தில் உள்ளது. மண்ணாற் செய்த துரியோதனன் பேருருவத்தின் அருகே அங்கு ஒப்பாரி எழும். ஒப்பாரி புகழும், முறையிடும், கேடு செய்தாரை வையவும் செய்யும். வேறு எப்பொழுதும் வாய் திறவாதாளுக்கும் அப்பொழுது அவ்வுரிமை உண்டு. 2021 மார்ச்சில் வெளிவந்த ‘என்ஜாய் எஞ்சாமி’ இவ்வுரிமையையே மேற்கொண்டது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து மீண்ட தம் பாட்டி வள்ளியம்மாளின் நினைவு அதிற் கலந்துள்ளது என அறிவு கூறியுள்ளார். நிலம் திருத்தியோர் நிலமிழந்த செய்தி களிப்போசையில் வந்தமையால் கேட்டார் பலர் ஆடினர். இதனைக் குறையென்பாரும் உளர். இறுதி ஊர்வலத்திற் பறைக்கு ஆடுவாரைக் கண்ட நமக்கு அது குறையாகத் தோன்றாது.

எமக்குக் கவலை தருவது பிறிதொன்று. அப்பாடலின் ஆக்கத்தில் யார் பங்கு எத்துணை என்பது பற்றி, 2022இல் அறிவுக்கும், உடன் பாடிய தீ, இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் ஆகியோர்க்குமிடையே பொதுவிற் கருத்து வேறுபாடு எழுந்தது. அதனைத் தீர்ப்பது எம் வேலையன்று. ஆயினும், பெயரற்ற மரபினின்றும் எடுக்குங்கால் பெயர் யார்க்கு உரியது என்னும் வினா நம் துறையையும் தொடுகின்றது. நாட்டுப்புறப் பாடல் ஏடுகள் பலவற்றில் தொகுத்தார் பெயர் அட்டையில் நிற்கும். பாடினாளோ ‘ஒரு மூதாட்டி’ ஆவாள். ஹிப் ஹாப் பாடகன் தன் பெயரைப் பாட்டினுள்ளேயே சொல்லும் மரபினன். அதனைத் தற்புகழ்ச்சி என ஒதுக்குவார், சம்பந்தர் தம் திருக்கடைக்காப்பில் தம் பெயரைப் பொறித்தமையை நினைதல் நன்று. திண்டிவனப் பகுதியில் ஒப்பாரி தொகுக்கச் செல்லும் மாணாக்கர், பாடினார் இசைவு பெற்று, அவர் பெயரைத் தம் பெயர்க்கு முன் எழுதுக.