இரட்சணிய யாத்திரிகத்தில் சோதனையும் விழிப்பும்: தேவாரப் பாடல்களின் காப்பியப் பணி

முன்னுரை

தச்சநல்லூரை அடுத்த கரையிருப்பில் 1827இல் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை. 1858இல் கிறித்தவம் தழுவிய இவர், ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட ஆங்கில உருவகக் கதையைத் தழுவி இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் 1894இல் நூலாக வெளிவந்தது. ஐந்து பருவங்களைக் கொண்ட இக்காப்பியத்தின் இடையிடையே தேவாரம் என்னும் பெயரில் இசைப்பாடல்கள் இடம்பெறுகின்றன. இவற்றைக் கதையோட்டத்தைத் தடுக்கும் இடைச்செருகல்களாகக் கருத இடமுண்டு. எனினும், சோதனையை வெல்லுதல் என்னும் நூற்பொருளோடு இணைத்து நோக்கும்போது அவற்றின் பணி வேறாகப் புலப்படுகின்றது.

உறக்கமும் இழப்பும்

கெத்செமனே தோட்டத்தில் சீடர்கள் உறங்கியபோது, சோதனைக்கு உட்படாதிருக்க விழித்திருந்து செபிக்குமாறு இயேசு அறிவுறுத்தினார் (மத்தேயு 26). விழிப்பும் வேண்டுதலும் பிரியாதவை என்னும் இக்கருத்தே பனியனின் கதைக்கு அடித்தளமாகும். மலைச்சரிவின் நிழற்பந்தரில் கண்ணயரும் பயணி தன் சான்றோலையை நழுவவிடுகிறான். வந்த வழியே திரும்பிச் சென்று அதனை மீட்கிறான். பின்னர், மரணநிழல் பள்ளத்தாக்கில் வாள் பயன்படாதபோது வேண்டுதலையே படைக்கலமாக ஏந்துகிறான். மயக்கநிலத்திலோ, இரு பயணிகள் உரையாடி ஒருவரையொருவர் உறங்காது காக்கின்றனர். ஆகவே, இங்குச் சோதனை பகைவனின் உருவில் மட்டும் வருவதில்லை; இளைப்பாறுதலின் உருவிலும் வருகின்றது.

தேவாரமாகும் வேண்டுதல்

பனியனின் கதையில் வேண்டுதல் பெரும்பாலும் பாத்திரத்தின் செயலாக எடுத்துரைக்கப்படுகிறது. கிருஷ்ணபிள்ளை அதனைப் பாடலாக்குகிறார். தன்மையிடத்தில் அமைந்த பாடலைப் பாடும்போது, பயணியின் 'நான்' பாடுவோரின் 'நான்' ஆகின்றது. தமிழ்ப் பக்தி மரபின் பதிகங்கள் வழங்கிய ஆற்றல் இது. திருப்பாவையில் தோழியரைத் துயிலெழுப்பும் வழக்கமும் விழிப்பைக் கூட்டுச் செயலாகக் காட்டுகிறது. வைணவச் சூழலில் வளர்ந்து, கம்பனில் தோய்ந்த புலவர் இம்மரபுகளைத் துறக்கவில்லை. புதிய நம்பிக்கைக்கு உரியனவாக்கினார்.

இந்நோக்கில், கதையை நிறுத்துவதே தேவாரங்களின் பயனாகின்றது. தன்னை மறந்து விரைதலும் தன்னை மறந்து உறங்குதலும் சோதனைக்கு வழிவிடுகின்றன. பாடல் அவ்விரண்டையும் தடுத்துப் படிப்போரை நிற்கச் செய்கிறது.

வரையறை

இப்பணிக்கு எல்லையும் உண்டு. வேண்டுதலின் உருக்கத்தைப் பாடல் தரும். தவறியவன் வந்த வழியே திரும்பி நடந்த வருத்தத்தைக் கதையே தரும். கம்பனை ஒட்டிய அணிநயம் மிகுமிடங்களில் செவியின்பமே மற்றொரு நிழற்பந்தராகிப் பொருளை மறக்கச் செய்யவும் கூடும்.

முடிவுரை

தேவாரங்களை மட்டும் வழிபாட்டுக்கெனப் பிரித்தெடுப்பின் வீழ்ச்சியின் வரலாறு மறைகிறது. அவற்றை நீக்கிக் காப்பியத்தை மட்டும் பயிலின் எழுச்சிக்கான வழி மறைகிறது. வகுப்பறையிலும் ஆய்விலும் இரண்டையும் ஒருங்கே பயிலும்போதுதான், விழிப்பு என்பது ஒருமுறை பெற்று முடிவதன்று, வழிநெடுகப் புதுப்பிக்கப்பட வேண்டியது என்னும் நூற்கருத்து முழுமையாகத் துலங்கும்.